ஒரு பொய், இரண்டு மொழி: மிஸ்ஸியம்மா தமிழுக்கு வந்த விதம்

பள்ளிக்கூடத்துக்கு ஆசிரியர்கள் தேவை. கணவன், மனைவி இருவராக வர வேண்டும். இருவருமே பி.ஏ. படித்திருக்க வேண்டும். இப்படி ஒரு விளம்பரம். அதைப் படிக்கிற பாலுவுக்கும் மேரிக்கும் படிப்பு இருக்கிறது, வேலைதான் இல்லை. இல்லாத இன்னொன்று கல்யாணம். அவன் இந்து, அவள் கிறிஸ்தவள். போதாக்குறைக்கு மேரி வீட்டுக்குக் கடன் கொடுத்த டேவிட், கடனைத் திருப்பு, இல்லையென்றால் என்னைக் கட்டிக்கொள் என்று நிற்கிறான். சரி, கொஞ்ச நாளைக்குப் புருஷன் பெண்டாட்டியாக நடிப்போம், கடன் அடைந்ததும் அவரவர் வழியைப் பார்ப்போம் என்று இருவரும் ரயிலேறுகிறார்கள்.

1955 பொங்கலுக்கு, ஜனவரி 14-ஆம் தேதி வெளிவந்த 'மிஸ்ஸியம்மா' படத்தின் அடித்தளம் இவ்வளவுதான். எழுபது வருஷம் ஆகியும் இந்த அடித்தளம் ஆடவில்லை. வேலைக்காகச் சொன்ன ஒரு பொய், அதைக் காப்பாற்ற ஒன்பது பொய், நடுவில் நிஜமாகவே முளைத்துவிடுகிற பாசம் என்று பின்னாளில் நாம் பார்த்த எத்தனையோ குடும்பச் சிரிப்புப் படங்களுக்கு இது பாட்டி முறை.

இந்தப் படத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் யாராவது ஒருவர், "அது தெலுங்கு ரீமேக்தானே?" என்பார். ஆமாம் என்றும் சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம். தெலுங்கு 'மிஸ்ஸம்மா' வெளியானது 1955 ஜனவரி 12. தமிழ் வந்தது இரண்டு நாள் கழித்து. ஒரு படம் ஓடி, அதன் வசூலைப் பார்த்து, உரிமை வாங்கி எடுப்பதற்கு இரண்டு நாள் போதாது. இரண்டையும் இயக்கியவர் எல்.வி. பிரசாத். இரண்டுக்கும் ஒளிப்பதிவு மார்கஸ் பார்ட்லி, இசை எஸ். ராஜேஸ்வர ராவ். தயாரிப்பு விஜயா நிறுவனத்தின் நாகிரெட்டியும் சக்ரபாணியும். கதை ஒன்று, மெட்டு ஒன்று. நாயகி சாவித்திரி, தங்கை சீதாவாக ஜமுனா, பள்ளிக்கூடம் நடத்தும் ஜமீன்தாராக எஸ்.வி. ரங்காராவ், அவர் மனைவியாக ரிஷ்யேந்திரமணி என்று பாதிக்கு மேல் முகங்களும் ஒன்று. இரட்டைப் பிள்ளைகளில் இரண்டு நிமிஷம் முன்னால் பிறந்ததை அண்ணன் என்பது மாதிரிதான் தெலுங்கை மூலம் என்பது.

அப்படியானால் தமிழ்ப் படத்தில் தமிழ் எது? எல்லாம் பொதுவாக இருக்கும்போது, ஒரு படம் எந்த இடத்தில் நம்முடையதாகிறது? எனக்கு இந்தப் படத்தின் மேல் உள்ள ஆர்வம் இந்தக் கேள்வியில்தான்.

முதலில் இந்த இரட்டைப் பிரசவம் எப்படி நடந்தது என்று பார்ப்போம். சென்னை வடபழனியில் விஜயா வாகினி ஸ்டுடியோ. இன்று அந்த இடத்தில் ஆஸ்பத்திரி, கல்யாண மண்டபம், வணிக வளாகம் எல்லாம் வந்துவிட்டன. அன்று அங்கே ஒரு தளத்தில் ஜமீன்தார் வீட்டுக் கூடத்தைப் போட்டால், அதற்கு ஆன செலவை ஒரு மொழியின் வசூலை மட்டும் நம்பி விடமாட்டார்கள். ஒரு காட்சியைத் தெலுங்கில் எடுத்து முடித்ததும், விளக்கைக் கூட நகர்த்தாமல், நடிகர்களை மாற்றி அதையே தமிழிலும் எடுத்துவிடலாம். இரண்டு மொழியிலும் இருப்பவர்கள் இன்னொரு முறை பேசி நடிக்க வேண்டியதுதான். விஜயாவுக்கு இது வழக்கமாகவே இருந்தது. 'பாதாள பைரவி', 'கல்யாணம் பண்ணிப்பார்', 'மாயா பஜார்' எல்லாம் இரு மொழியிலும் உண்டு. 'கடன் வாங்கி கல்யாணம்' 1958-இல் தமிழில் முதலில் வந்தது, அதன் தெலுங்கு வடிவம் 1959-இல்தான். அங்கே தமிழ் அண்ணன்.

ஒரு விஷயத்தை மறந்துவிடக் கூடாது. 1953 அக்டோபர் 1-ஆம் தேதி ஆந்திர மாநிலம் தனியாகப் பிரிந்துவிட்டது. 'மதராஸ் மனதே' (மதராஸ் நமதே) என்று அங்கே கோஷம் எழுந்து, மதராஸ் யாருக்கு என்று பெரிய சண்டையே நடந்து முடிந்திருந்தது. மாநிலம் போன பிறகும் தெலுங்கு சினிமா சென்னையை விட்டுப் போகவில்லை. கோடம்பாக்கத்திலும் வடபழனியிலும் ஒரே உணவகத்தில் இரண்டு மொழிக்காரர்களும் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லைக்கோடு வரைபடத்தில்தான் இருந்தது, படப்பிடிப்புத் தளத்தில் இல்லை.

பிரசாத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1931-இல் வந்த முதல் இந்தியப் பேசும்படம் 'ஆலம் ஆரா', அதே வருஷம் தமிழின் முதல் பேசும்படம் 'காளிதாஸ்', தெலுங்கின் முதல் பேசும்படம் 'பக்த பிரகலாதா' என மூன்றிலுமே சின்னச் சின்ன வேடங்களில் நடித்தவர் அவர். ஒரே காட்சியை இரண்டு மொழியில் எடுப்பது அவருக்கு ஒரு வித்தையாகவே தெரிந்திருக்காது.

கதைக்கு வருவோம். அது தெலுங்கும் இல்லை, தமிழும் இல்லை. வங்காளத்தில் ரவீந்திரநாத் மைத்ரா எழுதிய 'மான்மயி கேர்ள்ஸ் ஸ்கூல்' என்ற நாடகம், 1935-இல் அங்கே படமாகவும் வந்தது. சக்ரபாணிக்கு வங்காளி நன்றாகத் தெரியும். சரத்சந்திரரைத் தெலுங்கில் மொழிபெயர்த்தவர் அவர். நாகிரெட்டியும் அவரும் சேர்ந்துதான் 1947-இல் 'சந்தமாமா' என்ற சிறுவர் பத்திரிகையைத் தொடங்கினார்கள். தமிழில் அது 'அம்புலிமாமா'. வேதாளத்தைத் தோளில் சுமந்து வரும் விக்கிரமாதித்தனைப் படித்து வளர்ந்த நமக்கு, அந்த வீட்டிலிருந்துதான் 'மிஸ்ஸியம்மா'வும் வந்தாள் என்றால் ஆச்சரியமாக இருக்காது. ஒரு கதையை எந்த மொழியில் கேட்டாலும் உள்ளூர்க் கதை மாதிரி ஒலிக்கச் செய்யும் கைப்பழக்கம் அங்கே ஏற்கெனவே இருந்தது.

தலைப்பே அதற்குச் சாட்சி. பள்ளிக்கூடம் நடத்த வந்த வெள்ளைக்காரப் பெண்களை, மிஷன் டீச்சர்களை, நம் ஊரில் 'மிஸ்ஸியம்மா' என்றுதான் கூப்பிட்டார்கள். ஆங்கிலத்து 'மிஸ்' போதவில்லை நமக்கு, மரியாதைக்கு ஓர் அம்மாவையும் சேர்த்துக்கொண்டோம். கல்யாணமாகாதவள் என்று சொல்லும் சொல்லோடு தாயைக் குறிக்கும் சொல் ஒட்டி நிற்கிறது பாருங்கள், படத்தின் சிக்கல் முழுவதும் இந்த ஒட்டுச் சொல்லுக்குள் இருக்கிறது.

மேரியாக முதலில் நடிக்க வந்தவர் பானுமதி. சில நாள் படப்பிடிப்பும் நடந்தது. ஒருநாள் வரலட்சுமி விரதப் பூஜையை முடித்துவிட்டுத் தாமதமாக வந்தார் என்றும், மன்னிப்புக் கடிதம் கொடு என்று சக்ரபாணி கேட்டார் என்றும், முடியாது என்று பானுமதி மறுத்துவிட்டார் என்றும் திரையுலகில் இன்றுவரை சொல்கிறார்கள். எடுத்ததை எல்லாம் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்கினார்கள். தங்கை வேடத்துக்குப் பேசி வைத்திருந்த சாவித்திரி மேரியானார். தங்கையாக ஜமுனா வந்தார். கிறிஸ்தவப் பெண் வேடத்தைப் பானுமதி வரலட்சுமி நோன்பால் இழந்தார் என்பதை ஒரு கதாசிரியர் எழுதியிருந்தால், கொஞ்சம் ஓவர் என்று நாமே சொல்லியிருப்போம்.

பானுமதி நடித்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை. அவர் அதட்டினால் எதிரில் நிற்பவர் நிஜமாகவே பயப்படுவார். சாவித்திரியின் கோபம் வேறு ரகம். சிடுசிடுவென்று ஆரம்பித்து, உதட்டோரத்தில் வந்து நின்று, சிரிப்பாக மாறுமா அழுகையாக மாறுமா என்று தெரியாத ஒரு விநாடி இருக்கும். மேரி நல்லவள், ஆனால் எப்போதும் எரிச்சலில் இருப்பவள். பொய் சொல்கிறோமே என்ற குற்றவுணர்ச்சிதான் அந்த எரிச்சல். சாவித்திரிக்கு அப்போது இருபது வயதுகூட இருக்காது, ஆனாலும் இதைப் பிடித்துக்கொண்டார்.

தமிழ் வடிவத்துக்கு மட்டும் ஒரு கூடுதல் வேடிக்கை உண்டு. தெலுங்கில் நாயகன் என்.டி. ராமாராவ். தமிழில் ஜெமினி கணேசன். ஜெமினியும் சாவித்திரியும் 1952-லேயே ஊருக்குத் தெரியாமல் திருமணம் செய்துகொண்டவர்கள். ஆக, கல்யாணம் ஆகாமலேயே ஆனது போல நடிக்கும் இருவராக, கல்யாணம் ஆகியும் ஆகாதது போல ஊரில் உலவிய இருவர் நடித்தார்கள். படத்தில் இருவரும் தனியாக இருக்கும்போது சண்டை போடுவதில் ஒரு பழகிய சௌகரியம் தெரியும். நான் இதைத் தெரிந்துகொண்டு பார்ப்பதால் அப்படித் தோன்றுகிறதோ என்னவோ.

ராமாராவின் நாயகன் அடக்கமாக நிற்கும் ஆண்பிள்ளை. ஜெமினியின் பாலு அப்படியில்லை. அசட்டுச் சிரிப்பும், 'நான் என்ன செய்யட்டும்' என்ற முகமும், மேரி கத்தும்போது காதில் வாங்காதது போலக் குறும்பாகப் பார்ப்பதும் சேர்ந்து அவன் ஒரு மென்மையான கில்லாடி. கதை ஒரு வரி மாறாமலேயே, தமிழில் குணம் மாறிவிட்டது. காதல் மன்னன் என்ற பெயர் ஜெமினிக்கு நிலைத்ததில் இந்தப் படத்துக்குக் கணிசமான பங்கு உண்டு.

இதைவிடப் பெரிய மாற்றம் ராஜு வேடத்தில். ஜமீன்தாரின் மருமகன் முறையுள்ள ராஜு, தன்னைப் பெரிய துப்பறிவாளன் என்று நினைத்துக்கொண்டு திரிபவன். பூதக்கண்ணாடிக் கேஸ். தெலுங்கில் இதைச் செய்தவர் அக்கினேனி நாகேஸ்வர ராவ். 1953-இல் 'தேவதாஸ்' வந்து, குடித்து, இருமி, காதலி வீட்டு வாசலில் செத்துப்போய் ஆந்திரம் முழுவதையும் அழவைத்தவர். அதே மனிதர் இங்கே கோமாளித்தனம் பண்ணுகிறார் என்பதே தெலுங்கு ரசிகர்களுக்குப் பாதி நகைச்சுவை. அந்தச் சோக முத்திரையைத் துடைக்கத்தான் அவர் இதற்கு ஒத்துக்கொண்டார். தமிழில் அந்த இடத்துக்கு வந்தவர் கே.ஏ. தங்கவேலு. அவர் திரையில் தலைகாட்டினாலே சிரிக்கத் தயாராக இருக்கும் கூட்டம் நம்முடையது. நட்சத்திரம் கீழிறங்கி வந்து பண்ணும் வேடிக்கையாக இருந்தது, இங்கே கைதேர்ந்த சிரிப்பு நடிகரின் முழுநேர வேலையாகிவிட்டது. இழுத்து, நிறுத்தி, அப்புறம் வார்த்தையைக் கீழே போடும் அந்தத் தங்கவேலு பேச்சுக்குத் தெலுங்கில் இணையில்லை. அதற்கு விலையும் கொடுத்தோம். ராஜுவுக்கும் சீதாவுக்கும் நடுவே உள்ள காதல் தெலுங்கில் நிஜமாகவே ஓர் இரண்டாவது காதல் கதை. தமிழில் அதை யாரும் அவ்வளவு பொருட்படுத்துவதில்லை.

டேவிட் கதையும் இதே மாதிரி. தெலுங்கில் ரமணா ரெட்டி, ஒல்லிக்குச்சி சிரிப்பு நடிகர். தமிழில் எம்.என். நம்பியார். கடன்காரன் வாசலில் வந்து நின்றால் தெலுங்கில் ஒரு தொல்லை, தமிழில் கொஞ்சம் வயிற்றைக் கலக்கும்.

இனி பாட்டு. தமிழ் எங்கே இருக்கிறது என்ற என் கேள்விக்குப் பாதிப் பதில் தஞ்சை ராமையாதாஸிடம் இருக்கிறது. தெலுங்கில் பிங்களி நாகேந்திர ராவ் எழுதிய பாடல்களுக்கு, அதே மெட்டில் தமிழ் வார்த்தை போடும் வேலை அவருக்கு. இந்த வேலையைக் கொஞ்சம் கேவலமாகப் பார்க்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. டப்பிங் பாட்டு என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவோம். ஆனால் எண்ணிப் பாருங்கள். 'ராவோயி சந்தமாமா' என்பதில் ஏழு அசை. 'வாராயோ வெண்ணிலாவே' என்பதிலும் ஏழு. நெடில் விழும் இடங்கள்கூடப் பெரும்பாலும் பொருந்துகின்றன. அதற்காக ஒரு வார்த்தையாவது முறுக்கிக்கொண்டு நிற்கிறதா? இல்லை. தமிழில் பிறந்த வரி என்றுதான் எந்தக் காதும் சொல்லும்.

'சந்தமாமா'வை அவர் 'அம்புலிமாமா' ஆக்கவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். தெலுங்கில் அந்தச் சொல் குழந்தைக்குச் சோறூட்டவும் ஆகும், காதலில் புலம்பவும் ஆகும். தமிழில் அம்புலி என்றதும் இடுப்பில் ஒரு குழந்தையும் கையில் ஒரு கிண்ணமும் வந்துவிடும். வெண்ணிலாதான் காதலுக்குத் தோது. மொழிபெயர்த்தவர் அகராதியைப் பார்க்கவில்லை, வழக்கைப் பார்த்தார்.

இந்தப் பாட்டை இரவு நேர வானொலியில் மட்டும் கேட்டவர்கள் இதை ஒரு தேன்நிலவுப் பாட்டு என்றே நினைத்திருப்பார்கள். ஏ.எம். ராஜாவின் குரலும் பி. லீலாவின் குரலும் அப்படி ஏமாற்றும். நிஜத்தில் அது ஒரு புகார் மனு. பாலு நிலாவைக் கூப்பிட்டு, எனக்கு வாய்த்தவள் அகம்பாவக்காரி என்கிறான். மேரி தன் பங்குக்குத் திருப்பிக் கொடுக்கிறாள். பொய்யான புருஷனும் பொய்யான பெண்டாட்டியும், நிஜமான தம்பதி போலவே சண்டை போட்டு, அதற்கு நிலாவைப் பஞ்சாயத்துக்குக் கூப்பிடுகிறார்கள். மனைவிக்குச் 'சதி', கணவனுக்குப் 'பதி' என்று வடமொழிச் சொற்களை ராமையாதாஸ் அப்படியே வைத்துக்கொண்டது இங்கே பொருத்தம். அந்தப் பெரிய சொற்களுக்குக் கீழே இல்லாத உறவு இருப்பதால்தான் சிரிப்பு வருகிறது. மெட்டு தாலாட்டுகிறது, வார்த்தை குத்துகிறது.

'பிருந்தாவனமும் நந்தகுமாரனும்' இன்னும் நுட்பம். மேலுக்கு அது கண்ணன் பாட்டு. ஆனால் பாடுகிற இடத்தில், சீதா பாலுவிடம் பாட்டுக் கற்றுக்கொள்வதைப் பார்த்து மேரிக்கு உள்ளுக்குள் எரிகிறது. புருஷன் இல்லை என்று அவளே சொல்லிவிட்ட ஒருவன் மேல் அவளுக்கு ஏன் பொறாமை? கண்ணன் எல்லோருக்கும் பொது, ராதைக்கு எதற்கு இந்தப் பொறாமை என்று பாட்டு அவளைச் சீண்டுகிறது. தெலுங்கில் அடுத்து வருவது, அழகு என்பது எல்லோருக்கும் ஆனந்தம் என்ற பொருளில் ஒரு சமாதானம். ராமையாதாஸ் அதை, அழகில் மயங்காதவர் யார் என்று கேள்வியாக்கிவிட்டார். சமாதானம் போய், சீண்டல் கூடிவிட்டது. எனக்குத் தமிழ்தான் பிடிக்கிறது. நான் தமிழன் என்பதால் இருக்கலாம்.

எல்லா இடத்திலும் அவர் ஜெயித்தார் என்று சொல்லமாட்டேன். 'ஆடவாரி மாடலகு அர்த்தாலே வேருலே' என்பது தெலுங்கில் பழமொழி அளவுக்குப் புழங்கிவிட்டது. பெண்கள் பேச்சுக்கு அர்த்தமே வேறு, ஆமாம் என்றால் இல்லை, இல்லை என்றால் ஆமாம் என்று போகும் பாட்டு. தமிழில் அது 'முடியும் என்றால் படியாது, படியும் என்றால் முடியாது'. சொல் விளையாட்டு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தெருவில் யாரும் அதை எடுத்துப் பேசவில்லை. இன்றைக்குப் பார்த்தால் அந்தக் கருத்தே கொஞ்சம் நெருடும் என்பது வேறு விஷயம்.

விஜயா படங்களில் நிலாவுக்கு எப்போதும் ஒரு வேடம் உண்டு. இரண்டு வருஷம் கழித்து 'மாயா பஜார்' படத்தில் 'ஆஹா இன்ப நிலாவினிலே' என்று படகில் போவார்களே, அதற்கும் தமிழ் வரிகள் ராமையாதாஸ், ஒளிப்பதிவு பார்ட்லி. ஸ்டுடியோ விளக்கில் நிலா வெளிச்சத்தைச் செய்து காட்டுவதில் பார்ட்லியை மிஞ்ச ஆளில்லை. 'வாராயோ வெண்ணிலாவே' காட்சியின் கறுப்பு வெள்ளையைப் பார்க்கும்போது வெளியே நிஜ ராத்திரி மாதிரியே இருக்கும்.

படம் சிரிக்கவைக்கும் முறையைப் பற்றி ஒன்று. இதில் தனியாக நகைச்சுவைப் பகுதி என்று ஒன்று தேவையே இல்லை. அந்தக் காலத்துத் தமிழ்ப் படங்களில் கதை ஒரு பக்கமும் சிரிப்பு நடிகர்கள் ஒரு பக்கமுமாகத் தண்டவாளம் போல இணையாக ஓடுவார்கள். இங்கே கதையே சிரிப்பு. ஜமீன்தாரும் அவர் மனைவியும் வில்லன்கள் இல்லை, அளவுக்கு மீறி நல்லவர்கள். அதுதான் பிரச்சினை. அவர்கள் பாசம் காட்டக் காட்டப் பொய் இறுகுகிறது. மேரி உண்டாகியிருக்கிறாள் என்று தாங்களாகவே முடிவுகட்டி, சீமந்தத்துக்கு ஏற்பாடு செய்துவிடுகிறார்கள். கல்யாணமே ஆகாத பெண்ணுக்குச் சீமந்தம்! இதைக் கொஞ்சம் தவறாகக் கையாண்டிருந்தால் விரசமாகப் போயிருக்கும். 1955-இல் தாய்மார்கள் கூட்டம் முகம் சுளிக்காமல் பார்த்தது என்றால், அந்த வீட்டுப் பெரியவர்கள் மேல் யாருக்கும் கோபம் வராத மாதிரி பிரசாத் வைத்திருந்ததுதான் காரணம். ரங்காராவின் அந்தக் கனத்த குரலில் லேசாகத் தெலுங்கு வாடை அடிக்கும். அதுவும் ஒரு பெரிய வீட்டு மனுஷரின் வெள்ளந்தித்தனமாகவே நம் காதில் விழுகிறது.

படம் எங்கே தைரியமாக இருக்கிறது, எங்கே பின்வாங்குகிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஜமீன்தார் பள்ளிக்கூடம் நடத்துவது, சின்ன வயதிலேயே காணாமல் போன தன் மூத்த மகள் மகாலட்சுமியின் நினைவாக. இதைச் சொன்ன உடனே நீங்கள் முடிவை ஊகித்திருப்பீர்கள். காலில் ஒரு மச்சம். துப்பறியும் ராஜு வாழ்க்கையில் முதல்முறையாக உண்மையிலேயே ஒன்றைக் கண்டுபிடிக்கிறான். மேரிதான் மகாலட்சுமி. கிறிஸ்தவப் பெற்றோர் எடுத்து வளர்த்த இந்துப் பெண். ஆக, ஓர் இந்துவும் கிறிஸ்தவளும் கல்யாணம் செய்துகொள்ளலாமா என்ற கேள்வியைப் பதில் சொல்லாமலேயே படம் கலைத்துவிடுகிறது.

இதில் காலப் பொருத்தம் ஒன்று உண்டு. மதம் மாறாமலேயே இரண்டு மதத்தவர் மணந்துகொள்ள வழிசெய்த சிறப்புத் திருமணச் சட்டம் 1954-இல் நிறைவேறி, 1955 ஜனவரி 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. இரண்டு வாரத்தில் 'மிஸ்ஸியம்மா' வெளியாகிறது. சட்டம் கதவைத் திறந்துவைத்த அதே மாதம், சினிமா கதவு வரைக்கும் போய் எட்டிப் பார்த்துவிட்டு, மச்சத்தைக் காட்டித் திரும்பி வந்தது. படம் எடுத்தவர்களுக்கு அந்தச் சட்டம் மனதில் இருந்திருக்க வேண்டிய அவசியமில்லை. ஆனாலும் திரையரங்கில் உட்கார்ந்திருந்தவர்களில் சிலருக்காவது அது நினைவுக்கு வந்திருக்கும்.

பின்வாங்கல் என்றாலும் முழுப் பின்வாங்கல் இல்லை. மேரியின் கிறிஸ்தவத்தைப் படம் எங்கேயும் கேலி செய்வதில்லை. 'எனை ஆளும் மேரி மாதா' என்று லீலாவின் குரலில் அவள் உருகும் பாட்டு, வெறும் மத அடையாளத்துக்காக ஒட்டியது அல்ல. அதே படத்தில் தியாகையரின் 'ராகசுதாரச'வும் இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே மரியாதை. தமிழ்ப் படங்களில் கிறிஸ்தவப் பெண் என்றால் என்ன உடை, என்ன ஆட்டம் என்று பின்னால் ஒரு கெட்ட பழக்கம் வந்ததே, அதை நினைத்தால் மேரியின் கைத்தறிச் சாயலுள்ள எளிமை எவ்வளவோ மேல்.

இதோடு பத்து வருஷம் கழித்து வந்த 'எங்க வீட்டுப் பிள்ளை'யை வைத்துப் பார்த்தால், தெலுங்கிலிருந்து தமிழுக்கு வரும் பாதை எப்படி மாறியது என்று தெரியும். அது சந்தேகத்துக்கிடமில்லாத மறு ஆக்கம். ராமாராவ் இரட்டை வேடத்தில் நடித்த 'ராமுடு பீமுடு' 1964 மே மாதம் வந்து ஓடியது. நாகிரெட்டி அதைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். இயக்கியவர் தெலுங்கை எடுத்த அதே சாணக்யா. 1965 பொங்கலுக்குப் படம் தயார். ஆனால் அங்கே கதை எம்.ஜி.ஆருக்காக வளைந்தது. சவுக்கை எடுத்து நம்பியாரை விரட்டும் இடத்தில் 'நான் ஆணையிட்டால்' என்று வாலியின் பாட்டு வந்ததும், ஒரு வீட்டுக்குள் நடக்கும் மச்சான் கொடுமை நாட்டு நடப்பாகிவிட்டது. 'மிஸ்ஸியம்மா'வில் யாரும் யாருக்காகவும் வளையவில்லை. அது நட்சத்திரத்துக்கு முந்தைய தமிழாக்கம்.

எதிர் உதாரணமும் உண்டு. 1962-இல் விஜயா எடுத்த 'குண்டம்மா கதா', தெலுங்கர்களுக்கு இன்றும் வீட்டுச் சொத்து மாதிரி. அதே கதையைத் தமிழில் 'மனிதன் மாறவில்லை' என்று எடுத்தார்கள். ஜெமினி உண்டு, நாகேஸ்வர ராவ் உண்டு, சாவித்திரி, ஜமுனா, ரங்காராவ், சூரியகாந்தம் எல்லோரும் உண்டு. இன்று எத்தனை பேர் அதை நினைத்துப் பார்க்கிறார்கள்? தலைப்பிலேயே விஷயம் தெரிந்துவிடுகிறது. அங்கே ஒரு பெண்ணின் பெயர், பெயரைக் கேட்டாலே ஒரு முகம். இங்கே ஒரு பொதுவான தத்துவம். அந்தப் படத்தில் ஒரு தங்கவேலு இல்லை, 'வாராயோ வெண்ணிலாவே' மாதிரி ஒரு வரியும் இல்லை. ஒரே தளம், ஒரே விளக்கு, ஒரே கதை இருந்தால் படம் தானாகத் தமிழாகிவிடாது.

'மிஸ்ஸியம்மா' இந்திக்கும் போனது. 1957-இல் ஏவி.எம். தயாரிப்பில் 'மிஸ் மேரி', இயக்கம் மறுபடியும் பிரசாத். ஜெமினி அங்கேயும் நாயகன், ஜமுனா அங்கேயும் தங்கை. மேரியாக மீனாகுமாரி. ராஜுவின் பூதக்கண்ணாடி கிஷோர் குமார் கைக்குப் போனது. நாகேஸ்வர ராவ், தங்கவேலு, கிஷோர் குமார் என்று ஒரே வேடத்துக்கு மூன்று மொழியில் மூன்று பேரை நினைத்துப் பாருங்கள். ஒருவர் அழவைத்துப் பேர் வாங்கிய நாயகர், ஒருவர் சிரிப்பு நடிகர், ஒருவர் பாடகர். இசை ஹேமந்த் குமார் என்றாலும், பிருந்தாவனப் பாட்டின் மெட்டை மாற்ற அவருக்கு மனம் வரவில்லை. இந்தியிலும் அது அப்படியே ஒலிக்கிறது.

தெலுங்கில் மட்டும் பழமொழியாகிப்போன அந்தப் பெண்கள் பேச்சுப் பாட்டுக்கு ஒரு பின்கதை உண்டு. 2007-இல் நம் செல்வராகவன் தெலுங்குக்குப் போய் ஒரு குடும்பக் காதல் படம் எடுத்தார். படத்துக்கு அவர் வைத்த பெயர் 'ஆடவாரி மாடலகு அர்த்தாலே வேருலே'. வெங்கடேஷ் நடித்தார், படம் ஓடியது. மறு வருஷமே அது தனுஷ் நடிக்கத் தமிழுக்கு வந்தது, இந்த முறை ஐயமில்லாத ரீமேக்காக. பெயர் மட்டும் அந்தப் பாட்டிலிருந்து வரவில்லை. 'முடியும் என்றால் படியாது' என்று யாரும் வைக்கவில்லை, 'யாரடி நீ மோகினி' என்று வைத்தார்கள்.